இரண்டாம் டிகாக்ஷன்

ஆரணிக்காரர்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் களம்பூர் போக வேண்டும். ‘ஆரணி ரோடு’ பலகை அங்கேதான் இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் அந்தப் பாதையில் கரித்தூளைக் கண்ணில் வாங்காதவர் நம் வயதில் குறைவு.

சாதாரண கரி எஞ்சினில் நீராவி ஒரே முறைதான் வேலை செய்யும். பிஸ்டனைத் தள்ளிவிட்டு ‘குப்’பென்று புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஆனால் அதில் இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்கும். அதை வீணாக்காமல் இன்னொரு பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடி வேலை வாங்குவதே ‘காம்பவுண்ட்’ எஞ்சின். நம் வீட்டு இரண்டாம் டிகாக்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1876-ல் பிரான்சில் பயோன் – பியாரிட்ஸ் பாதையில் இதை ஓட்டிக் காட்டியவர் அனதோல் மாலே.

இங்கிலாந்தில் இதைப் பிடித்துக்கொண்டவர் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் பிரான்சிஸ் வெப். அவருடைய ‘டியூடானிக்’ வகையில் 1889, 1890-ல் பத்து எஞ்சின்கள் கட்டினார்கள். வெளியே இரண்டு சிறிய சிலிண்டர்கள் பின் சக்கரங்களைச் சுற்றும். உள்ளே 30 அங்குலப் பெரிய சிலிண்டர் ஒன்று முன் சக்கரங்களைச் சுற்றும். இரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது. அங்கேதான் வினை. எஞ்சின் பின்னால் வந்து பெட்டிகளோடு சேர்ந்து, பிறகு முன்னோக்கிக் கிளம்பும்போது, சில சமயம் பின் சக்கரங்கள் முன்னோக்கியும், முன் சக்கரங்கள் பின்னோக்கியும் சுழலும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்! தறியில் கையும் காலும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எல்லாமே மோசம் என்றும் சொல்ல முடியாது. அதே வகையைச் சேர்ந்த ‘ஜீனி டீன்ஸ்’ பல ஆண்டுகள் லண்டன் – க்ரூ இடையே ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸை நன்றாகவே இழுத்தது. ஆனால் வெப் எதிர்ப்பேச்சு பொறுக்காதவர் என்கிறார்கள். 1903-ல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஜார்ஜ் வேல் சாதாரண எஞ்சின்களைக் கட்டத் தொடங்கினார். 1907-க்குள் டியூடானிக் பத்தும் பழைய இரும்பாகிவிட்டன.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு அதிகாரி புதுப் பதிவேடு கொண்டுவருவார். அதிலுள்ள குறையை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அவர் மாற்றலாகிப் போனதும் பதிவேடு பரணுக்குப் போகும். அதில் நல்லது இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

நல்லவேளை, காம்பவுண்ட் பரணுக்குப் போகவில்லை. மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையின் ‘எக்ஸ்’ வகை எஞ்சினைப் பாருங்கள். 1914 முதல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டியவை. நான்கு சிலிண்டர்கள்: கீழிரண்டும் சாதாரண சக்கரங்களுக்கு, மேலிரண்டும் பல்சக்கரங்களுக்கு. ஏற்றத்தில் கீழ் சிலிண்டரில் உழைத்த நீராவியே மேலே போய்ப் பல்சக்கரத்தைத் திருப்பும். பல்தண்டவாளம் இல்லாத இடத்தில் மேலிரண்டுக்கும் ஓய்வு. தேவையான இடத்தில் மட்டும் இரண்டாம் டிகாக்ஷன். இந்த வகையை இப்போது நம் பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

பேரப்பிள்ளைகளோடு ஊட்டி போனால், குன்னூர் வரை எஞ்சின் சத்தத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். வெப் ஆசைப்பட்டது அங்கே நடந்துகொண்டிருக்கிறது.