சூரியனின் குறுக்கே ஒரு கோடு

தொலைநோக்கியின் முகப்பில் சூரிய வடிகட்டியை மாட்டி (கண் வைக்கிற பக்கத்தில் அல்ல, முகப்பில்தான்) சூரியனைப் படம் எடுத்தால் கிடைப்பது ஒரு வட்டம். அங்கங்கே ஒன்றிரண்டு கரும்புள்ளி, மற்றபடி எங்கும் ஒரே வெளிச்சம் என்றுதான் தோன்றும். அதே படத்தை இமேஜ்ஜே மென்பொருளில் திறந்து, நடுவழியாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, கன்ட்ரோலோடு கே-யைத் தட்டுங்கள். சின்ன ஜன்னலில் ஒரு கிராஃப் வந்து நிற்கும். வயல் வரப்பில் நடந்தபடியே மேடுபள்ளத்தைக் குறித்துக்கொண்டு போகிறவரைப் போல, கோட்டில் அகப்பட்ட ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் மென்பொருள் வரிசையாகக் குறித்துவிடுகிறது. 8 பிட் படமென்றால் 0 முதல் 255 வரை. வானத்தில் மூன்று, நான்கு என்று தவழ்கிற கிராஃப் விளிம்பில் செங்குத்தாக ஏறும். பிறகு நிதானமாக வளைந்து நடுவில் உச்சத்தைத் தொட்டு, மறுபக்கம் அதே நிதானத்தில் இறங்கும். தட்டு என்று நினைத்தது தட்டு இல்லை, வில்.

சூரியன் வாயு. நடுவில் பார்க்கும்போது நம் பார்வை நேராக உள்ளே இறங்கி ஆழமான, சூடான அடுக்கை எட்டுகிறது. ஓரத்தில் சாய்வாகப் போவதால் மேலே, சூடு குறைந்த அடுக்கிலேயே நின்றுவிடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் விளிம்பின் வெளிச்சம் நடுவில் இருப்பதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். நீலத்தில் இன்னும் அதிகமாக மங்கும், சிவப்பில் குறைவு. படத்தை மூன்று நிறமாகப் பிரித்துத் தனித்தனியே கோடு போட்டால் வீட்டுக் கணினியிலேயே இதைப் பார்க்கலாம். சூரியனின் மேலடுக்குகளில் வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட் 1906-இல் எழுதிய கட்டுரைக்கு ஆதாரமாக இருந்தது இந்த மங்கல்தான்.

இவ்வளவு பெரிய இறக்கம் கண்ணுக்கு ஏன் படவில்லை? நம் கண் அளப்பதில்லை, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. மெல்லிய சரிவைக் கோட்டை விடும், சரிவு சட்டென்று மாறும் இடத்தில் இல்லாத பட்டையையும் கூட்டிக் காட்டும். எர்ன்ஸ்ட் மாக் 1865-இலேயே இதை விளக்கியிருக்கிறார். கணினிக்கு இந்தக் கோளாறு கிடையாது என்று சொல்லித்தான் மாணவர்களுக்கு இமேஜ்ஜேயை அறிமுகப்படுத்துவேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பேண்ட் 1997-இல் உருவாக்கியது. காசு கிடையாது. செல்களையும் ஜெல் பட்டைகளையும் அளக்கப் பிறந்த கருவிக்குச் சூரியனும் ஒன்றுதான், கொசு இறக்கையும் ஒன்றுதான்.

ஆனால் கணினிக்குக் கொடுக்கும் படத்துக்குக் கோளாறு உண்டு. கைபேசியில் எடுத்த படத்தோடு வந்த ஒரு மாணவனின் கிராஃபில், இரு ஓரத்திலும் சின்னக் கொம்பு முளைத்திருந்தது. “சார், ஓரத்துலதான் சார் வெளிச்சம் ஜாஸ்தி. புக்கு தலைகீழா சொல்லுது” என்றான். கொம்பு சூரியனுடையதல்ல, கைபேசியுடையது. படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று விளிம்புகளையெல்லாம் அது தானாகவே தீட்டிக் கொடுத்துவிடுகிறது. தீட்டிய இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் எகிறும். இன்னொருத்தியின் கிராஃபில் வில்லின் தலையை வெட்டிவிட்டதுபோல் 255-இல் சமதளம். வெளிச்சம் அளவுக்கு மீறியதால் நடுப்பகுதி முழுக்க நிரம்பி வழிந்துவிட்டது. அங்கே இருந்த விவரம் போனது போனதுதான், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இந்த இரண்டும் பார்த்த உடனே பிடிபடும். மூன்றாவது அப்படியல்ல. எல்லாம் ஒழுங்காக எடுத்த ஒரு ஜேபெக் படத்தில் நடுவில் 240, விளிம்பருகே 160 என்று வரும். மூன்றில் இரண்டு பங்கு! புத்தகத்தின் 40 சதவீதம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. ஜேபெக்கில் இருக்கும் எண் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதே இல்லை. காமா என்னும் வளைவின் வழியாகப் போய்த்தான் பதிவாகிறது. 128 என்றால் பாதி வெளிச்சம் அல்ல, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்த வளைவை நீக்கிக் கணக்கிட்டால் 160 சமர்த்தாக 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். காமா ஏறாத ரா கோப்பில் எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இதைச் சொல்லாமல் பிக்சல் மதிப்பை வெளிச்சம் என்று எழுதிவிடுகிற செய்முறை ஏடுகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது கணினி கொண்டுவந்த சிக்கலும் அல்ல. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்துவந்தார்கள். அந்தத் தகடுகளும் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் கறுப்பதில்லை. தகட்டுக்கென்று ஒரு வளைவு இருக்கிறது. அந்தக் காலத்தில் மெல்லிய பிளவு வழியாகத் தகட்டின் மேல் ஒளியை நகர்த்தி, ஊடுருவி வருவதை அளந்து தாளில் வரைந்தெடுப்பார்கள். நாம் ஒரு நொடியில் எடுக்கிற அதே கிராஃப்தான். இன்று அந்தத் தகடுகள் டிஜிட்டலாகிவிட்டன. ஆனாலும் வளைவு தெரியாமல் கோடு போட்டால் பயனில்லை.

கோட்டின் அகலத்திலும் விஷயம் இருக்கிறது. ஒரு பிக்சல் அகலத்தில் இழுத்தால் கிராஃப் முள்ளும் முடியுமாக வரும். 20 வைத்தால் சராசரி எடுத்து நெளிவெல்லாம் அடங்கும். பேராசைப்பட்டு 200 வைத்தால், ஆயிரம் பிக்சல் குறுக்களவுள்ள சூரியனின் விளிம்பு வட்டமாக வளைவதால், செங்குத்தாக இருக்க வேண்டிய ஏற்றம் பத்து பிக்சலுக்கு மழுங்கிவிடும்.

சரி, அந்த ஏற்றத்தில் எந்தப் புள்ளியில் சூரியன் முடிகிறது? காற்றின் அலைச்சலும் லென்ஸும் சேர்ந்து விளிம்பைச் சில பிக்சல்களுக்குப் பரப்பியிருக்கும். சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும் புள்ளியை விளிம்பென்று கொள்வது வானியலாளர் வழக்கம். கொம்பு கண்டுபிடித்த அதே மாணவன், பாதி உயரத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று நின்றான். இரண்டையும் போட்டுப் பார்த்தோம். அவன் படத்தில் வித்தியாசம் ஒரு பிக்சல். “ஒரு பிக்சல்தானே சார்” என்றான். ஆயிரம் பிக்சலுக்குச் சுமார் 13,90,000 கிலோமீட்டர் என்றால், அந்த ஒரு பிக்சல் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புகிற தூரம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்போதும் பாதி உயரம்தான் சரி என்றான்.