637 பில்களும் ஒரு டால்பினும்

போன தடவை பரோட்டா சால்னா பற்றி எழுதியவன் இந்தத் தடவை கிளவுட், பைத்தான் என்று ஆரம்பிக்கிறானே என்று ஓடிவிடாதீர்கள். நான் பி.காம். மூன்றாம் வருடம். எனக்கே புரிந்த விஷயம் உங்களுக்குப் புரியாமல் போகாது :) கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் யாராவது வந்தால் தாராளமாகத் திட்டலாம். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கதைச் சுருக்கம் இதுதான். ஒரு கடைக்காரரின் 637 பில்களை நான் அழித்தேன். ஓர் இடத்தில் இல்லை, வைத்திருந்த இரண்டு இடங்களிலும். அழித்தது எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர் "வெற்றி" என்று சொன்னது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

காலேஜ் மதியத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு ஜங்ஷன் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. கிளையண்ட்கள் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வரும் பில்களை ஸ்கேன் செய்து, பெயர் போட்டு, வருடவாரியாகச் சேர்த்துவைப்பது. ஸ்கேன் செய்த ஃபைல்கள் எல்லாம் அமேசான் வெப் சர்வீசஸின் எஸ்3 என்ற சேமிப்பகத்தில், மும்பையில் ஒரு பக்கெட்டில் இருக்கும். பக்கெட் என்றால் குளிக்கிற பக்கெட் இல்லை, ஃபைல்களைப் போட்டுவைக்கும் பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர்.

கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அதன் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2014-ம் ஆண்டின் கம்பெனிகள் கணக்கு விதிகள் சொல்கின்றன. அவ்வப்போது எடுத்தால் போதும் என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் தினமும் என்று மாற்றினார்கள். எங்கள் சார் அதைக் காட்டி, "கம்பெனி, தனி வியாபாரம்னு பிரிக்க வேண்டாம் தம்பி. எல்லாருக்கும் சேர்த்தே தினமும் ராத்திரி இன்னொரு காப்பி எடுக்கிற மாதிரி பண்ணிடு. உனக்குத்தான் இதெல்லாம் வருமே" என்றார். எனக்கு வந்ததெல்லாம் எக்செல் மட்டும்தான். ஆனால் சார் வாயால் "வருமே" என்று கேட்ட பிறகு வராது என்று சொல்ல மனசு வரவில்லை.

இரண்டு வாரம் மண்டை காய்ந்தது. அப்போதுதான் நம் டால்பின் வந்தது.

அமேசானின் சேவைகளைப் பைத்தான் நிரல் வழியாக இயக்குவதற்கு ஒரு லைப்ரரி இருக்கிறது. பெயர் போட்டோ3. நானும் முதலில் ஃபோட்டோ சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்தேன். போட்டோ என்பது அமேசான் ஆற்றில் வாழும் ஒரு வகை டால்பினின் பெயராம். அந்த லைப்ரரி மூலமாக டேட்டாசிங்க் என்ற சேவையைக் கூப்பிடலாம். 2018-ல் வந்த சேவை அது. ஓர் இடத்தில் இருக்கும் ஃபைல்களை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

செய்முறை பெரிய விஷயமில்லை. "கிரியேட் லொகேஷன் எஸ்3" என்று இரண்டு முறை கூப்பிட வேண்டும். மூலம் ஒன்று, சேருமிடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ரயில் டிக்கெட் மாதிரி நீளமான ஓர் அடையாளம் கிடைக்கும். அந்த இரண்டையும் "கிரியேட் டாஸ்க்" என்பதற்குள் கொடுத்து, எப்போது ஓட வேண்டும், எப்படி ஓட வேண்டும் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு அது பாட்டுக்கு ஓடும்.

"எப்போது" என்பதிலேயே முதல் பல்பு வாங்கினேன். இரவு 8 மணிக்கு ஓடட்டும் என்று 20 என்று போட்டேன். அது நள்ளிரவு 1.30-க்கு ஓடியது. அங்கே உலகப் பொது நேரம்தான் கணக்கு, நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பேய் நடமாடும் நேரம்தானே, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று அப்படியே விட்டுவிட்டேன்.

"எப்படி" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆப்ஷன்ஸ் என்று ஒரு பகுதி. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி.

மாறிய ஃபைல்களை மட்டும் கொண்டுபோகவா, எல்லாவற்றையும் கொண்டுபோகவா? இது டிரான்ஸ்ஃபர் மோட்.

அங்கே ஏற்கெனவே அதே பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அதன் மேல் எழுதவா, வேண்டாமா? இது ஓவர்ரைட் மோட்.

கொண்டுபோனது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கவா? இது வெரிஃபை மோட்.

மூலத்தில் இல்லாத ஃபைல் சேருமிடத்தில் இருந்தால் அதை விட்டுவைக்கவா, நீக்கவா? இதன் பெயர் ப்ரிசர்வ் டெலீட்டட் ஃபைல்ஸ். நாம் எதுவும் சொல்லாவிட்டால் "ப்ரிசர்வ்", அதாவது விட்டுவை. "ரிமூவ்" என்று நாமாக எழுதினால்தான் நீக்கும்.

இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தச் சேவை தானாக எதையும் அழிக்கவில்லை. அழி என்று எழுதியது என் கை.

ஏன் எழுதினேன்? டேலி ஆகவில்லை. அதுதான் காரணம்.

இரண்டு மாதம் ஓடிய பிறகு ஒரு நாள் ஆசையாக எண்ணிப் பார்த்தேன். மூலத்தில் 41,306 ஃபைல்கள். சேருமிடத்தில் 42,118. வித்தியாசம் 812. காமர்ஸ் படிக்கிற பையனிடம் இரண்டு பக்கமும் வேறு வேறு கூட்டுத்தொகையைக் காட்டினால் அவனுக்குச் சோறு இறங்குமா? தேடிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. நான் ஒரு ஃபைலுக்குத் தப்பாகப் பெயர் வைத்து, மறுநாள் திருத்துவேன். பழைய பெயர் ஏற்கெனவே அங்கே போயிருக்கும், புதிய பெயரும் போகும். ஆக அங்கே ஒரே பில் இரண்டு பெயரில். 812-ம் என் எழுத்துப்பிழைகள்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஒற்றைச் சொல்லை மாற்றினால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்று தெரிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. "ரிமூவ்" என்று மாற்றினேன். மறுநாள் காலை 41,306, 41,306. அந்தச் சந்தோஷத்தில் டீக்கடையில் ஒரு பஜ்ஜி எக்ஸ்ட்ரா சாப்பிட்டேன்.

அன்றோடு அந்த இரண்டாவது பெட்டி பேக்கப் என்ற தகுதியை இழந்துவிட்டது. அது கண்ணாடி ஆகிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவன் போய்விட்டால் கண்ணாடிக்குள் இருப்பவனும் போய்விடுவான் இல்லையா?

2025 ஜூன் மாதம். எங்கள் கிளையண்ட், ஹார்ட்வேர் கடை அண்ணாச்சி. அவருடைய கணக்கில் "2021-22" என்று ஒரு ஃபோல்டரும், "2021-22 சரி" என்று ஒரு ஃபோல்டரும் இருந்தன. முதலாவது பழசு, இரண்டாவதில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்து முதலாவதை அழித்தேன். உண்மையில் "சரி" ஃபோல்டரில் இருந்தவை விற்பனை பில்கள் மட்டும்தான். கொள்முதல் பில்கள் 637-ம் நான் அழித்ததில் இருந்தன. அப்படியே ஏதாவது ஆனாலும் இன்னொரு காப்பி இருக்கிறதே என்ற தைரியம் வேறு. அன்று நள்ளிரவு 1.30-க்கு டால்பின் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

காலையில் என் நிரல் பார்த்தது ஒரே ஒரு வார்த்தையைத்தான். நிலை: "சக்சஸ்". அதே அறிக்கையில் நீக்கப்பட்ட ஃபைல்களின் எண்ணிக்கை என்று இன்னொரு வரி உண்டு. அதில் 637 என்று இருந்திருக்கிறது. நான் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி ஒரு கவரோடு வந்தார். ஜி.எஸ்.டி. நோட்டீஸ். 2021-22 கொள்முதலுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கு பில்களைக் காட்டச் சொல்லி. பில் கையில் இருந்தால்தான் அந்த வரவை எடுக்க முடியும் என்பது சட்டம். பில்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். 2021-22-க்குக் கடைசி நாள் 2022 டிசம்பர் 31. ஆக 2028 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டியதை நான் 2025 ஜூனிலேயே பரலோகம் அனுப்பிவிட்டேன்.

சார் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார். இல்லை. "அந்த ரெண்டாவது காப்பில பாரு தம்பி" என்றார். அங்கேயும் இல்லை. அந்த நிமிடம் வயிற்றுக்குள் ஏதோ கீழே இறங்கியதை இப்போதும் உணர முடிகிறது. "சர்வர் கோளாறு சார்" என்று சொல்லிவிடலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். பொய் சொல்லக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன், யோசித்தேன். அண்ணாச்சி எதுவும் புரியாமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை.

"நான்தான் சார் அழிச்சேன். ரெண்டு இடத்துலயும்."

சார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அண்ணாச்சியிடம், "தப்பு எங்க ஆபீஸ் தப்பு அண்ணாச்சி. பழைய சாக்கு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நல்லவேளை, சாக்கு இருந்தது. கடை மாடியில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால். நான்கு நாள் மறுபடியும் ஸ்கேன் செய்தேன். 552 பில்கள் கிடைத்தன. மீதி 85-ம் தெர்மல் பேப்பர் ரோலில் அடித்துக் கொடுத்த பில்கள். மாடி வெயிலில் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத்தாள் ஆகியிருந்தன. இதற்காகத்தானே ஸ்கேன் செய்வதே! விற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு 61 நகல்கள் வாங்கினோம். 24 கிடைக்கவே இல்லை. அந்த 24 பில்களுக்கான வரி 9,460 ரூபாய்.

என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சார் கேட்கவில்லை, ஆபீஸ் பீஸில் அண்ணாச்சிக்குக் கழித்துக்கொடுத்தார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"இருப்பாய்வு டேலி ஆச்சுன்னா கணக்கு சரின்னு அர்த்தமா தம்பி?"

மக்களே, இது பதினொன்றாம் வகுப்புப் பாடம். நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய கேள்வி. இல்லை, அர்த்தமில்லை. ஒரு நடவடிக்கையைப் பற்றிலும் எழுதாமல் வரவிலும் எழுதாமல் முழுசாக விட்டுவிட்டால் இருப்பாய்வு அழகாகச் சமமாகும். அதற்குப் பெயர் முழு விடு பிழை. இரண்டு பக்கமும் சேர்ந்தே விடுபட்டதை இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே இருந்து மூன்றாவதாக ஒன்று வேண்டும். வவுச்சர் வேண்டும், சாக்கு வேண்டும்.

என் 41,306-ம் 41,306-ம் சமமாக இருந்தபோது நான் பஜ்ஜி சாப்பிட்டேன். 40,000-சொச்சமும் 40,000-சொச்சமும் சமமாக இருந்தபோதும் "சக்சஸ்" என்றுதான் வந்தது. வெரிஃபை மோட் சரிபார்ப்பது இங்கிருப்பதும் அங்கிருப்பதும் ஒன்றா என்பதைத்தான். இருக்க வேண்டியது இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? அது நமக்குத்தான் தெரிய வேண்டும்.

இப்போது என்ன மாற்றியிருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு:

1. "ரிமூவ்" போய் "ப்ரிசர்வ்" திரும்பி வந்துவிட்டது. எண்ணிக்கை சமமாகாது. ஆக வேண்டாம்.

2. ஓவர்ரைட் மோட் "நெவர்". ஸ்கேன் செய்த பில் மாறக்கூடாத பொருள். மூலத்தில் யாராவது கெடுத்தாலும் அங்கே போனது அப்படியே இருக்கும்.

3. இரண்டு பக்கெட்டிலும் வெர்ஷனிங் வசதியைப் போட்டாயிற்று. இனி அழித்தாலும் "அழிக்கப்பட்டது" என்று ஓர் அடையாளம்தான் மேலே விழும், பழைய பிரதி அடியில் இருக்கும். இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

4. காலையில் என் நிரல் நிலையை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை போனது, எத்தனை நீக்கப்பட்டது என்று எண்களைக் கேட்டு சாருக்கு மெயில் அனுப்புகிறது. நீக்கப்பட்டது பூஜ்யம் இல்லாவிட்டால் அன்று எனக்கு டீ கிடையாது.

5. ஒவ்வொரு கிளையண்டுக்கும் மாதாமாதம் எத்தனை பில் வாங்கினோம் என்று ஒரு நோட்டில், பேனாவால் எழுதிவைக்கிறேன். அதுதான் என் மூன்றாவது பக்கம்.

அண்ணாச்சி இப்போதும் வருகிறார். போன வாரம் புது சாக்கு இறக்கிவைத்துவிட்டு, "தம்பி, இதயாவது பத்திரமா வச்சுக்கோ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணி, நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஸ்கேனரை ஆன் செய்தேன்.

பி.கு: உங்கள் வீட்டிலும் தெர்மல் பேப்பர் பில் இருக்கும். வாரண்டிக்கு என்று பீரோவில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். இன்றைக்கே ஒரு படம் எடுத்துவையுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். தயவுசெய்து டேலி பார்க்காதீர்கள் :)