இந்த வயசுல என்ன விளையாட்டு?

சிவபெருமான் மதுரையில் நிகழ்த்தியதாகப் புராணம் சொல்லும் 64 அற்புதங்களுக்கும் பெயரே திருவிளையாடல்தான். சாமியே விளையாடிய ஊர். ஆனால், இங்கே 52 வயதில் ஒரு பெண் ஊஞ்சலில் ஏறினால், ‘இந்த வயசுல என்ன விளையாட்டு?’ என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள்.

அந்தப் பெண், என் அம்மா. ஊஞ்சல் என்றால் அவருக்கு உயிர். பூங்காவுக்குப் போனால் அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவார். பாப்பா இறங்கி சறுக்குமரத்துக்கு ஓடிவிட்டால், உடனே எழுந்துவிடுவார்.

“நீ ஆடும்மா.”

“போடி, யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க?”

ஆக, அம்மா ஊஞ்சலாட ஒரு பேத்தி தேவைப்படுகிறாள்!

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது பார்த்திருக்கிறீர்களா? மீசை நரைத்தவர்கள்கூட கலர் உடுப்பு மாட்டிக்கொண்டு, தோல்பையில் நிரப்பிய தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். அது நேர்த்திக்கடன், அந்த பக்தி நிஜம். கூடவே, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் குஷியும் அந்த முகங்களில் தெரியும். அங்கே யாரும் வயசைக் கேட்பதில்லை. சாமிக்காக என்றால் சரி, பிள்ளைக்காக என்றால் சரி. தனக்காக ஆடினால் மட்டும் தப்பா?

ஆவணியில் புட்டுத்தோப்பில் நடக்கும் பிட்டுத் திருவிழாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைகைக் கரையை அடைக்க, வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்த சிவன், உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு ஆடினார், பாடினார், தூங்கினார். கோபத்தில் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி ராஜா உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது.

எனக்கு அந்தக் கதை இப்போது வேறு மாதிரி புரிகிறது. அம்மாவைப் பார்த்து முகம் சுளிக்கும் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரு காலத்தில் தெருவில் நொண்டி ஆடியவர்தான். இன்று அவராலும் ஊஞ்சலில் ஏற முடியாது. அடுத்தவரைத் தடுக்கும் சொல், சொன்னவரையும் சேர்த்தே கட்டிப்போடுகிறது.

அம்மாவுக்கு 21 வயதில் கல்யாணம். பிறகு நாங்கள், அடுப்படி, எங்கள் படிப்பு. இப்போதுதான் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் முழங்கால் வலி வந்துவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் ஆட முடியும்?

உங்கள் வீட்டிலும் யாராவது ஊஞ்சலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். “ஏறுங்க, நான் தள்ளிவிடுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஊஞ்சல் எடை தாங்குமா என்று மட்டும் பார்த்தால் போதும். வயசைப் பார்க்க வேண்டாம்.