கணக்குப் பார்த்த கலீஃபா

சட்டன், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

  

கலகம் செய்து ஆட்சிக்கு வந்தவர்களில் அப்பாசியக் கலீஃபாக்கள் மட்டும் எப்படிக் காலூன்றினார்கள் என்று உன் கட்டுரைக்காகக் கேட்டாயே, போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது?

747-இல் குராசானில் அவர்களுக்காகக் கறுப்புக்கொடி தூக்கியவர் அபூ முஸ்லிம். அரபுக் குலச்சண்டையும் வரிக்கொடுமையும் அப்போது ஆண்ட உமையா கலீஃபாக்களை அதற்கு முன்பே அரித்திருந்தன. 750-இல் ஸாப் ஆற்றங்கரைப் போரோடு அவர்கள் கதை முடிந்தது. ஆனால் கலகத்தால் அரியணை ஏறியவருக்கு முதல் பயமே ஏற்றிவிட்டவர்மேல்தான். 755-இல் அப்பாசியக் கலீஃபா அல்மன்சூர் அபூ முஸ்லிமைப் பேச வரச்சொல்லிக் கொன்றார். 762-இல் பாக்தாத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மதீனாவில் நபி வம்சத்தார் கிளர்ந்தெழ, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அதையும் அடக்கினார்.

வாளால் மட்டும் நின்ற ஆட்சியில்லை அது. சல்லிக்காசுக்கும் கணக்குக் கேட்பார் என்று மன்சூரை ஊரே கேலி பேசியது. 775-இல் அவர் இறந்தபோது கஜானா நிரம்பியிருந்தது. அவருடைய தினாரைப் பார்த்து இங்கிலாந்தின் மெர்சியா அரசன் ஆஃபா அடித்த பொற்காசு ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுற்றிலும் அரபு எழுத்து. நடுவில் ஆஃபாவின் பெயர் லத்தீனில், அதுவும் தலைகீழாக! அரபு தெரியாத தேசத்திலும் அந்தக் காசுக்கு அவ்வளவு மதிப்பு.

கலகத்தால் வந்தும் காலூன்றாத ஆட்சிக்கு இப்போது உன் மதுரைக்கு வா. 1335 வாக்கில் மதுரையை உள்ளடக்கிய மாபார் மாகாணத்தின் ஆளுநர் ஜலாலுதீன் அஹ்சன் டெல்லியை உதறிவிட்டுச் சுல்தானானார். அடக்கப் புறப்பட்ட டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக், வாரங்கல்லில் கொள்ளைநோய் படையை வாரிக்கொண்டுபோனதால் திரும்பிவிட்டார். அஹ்சனுக்கு அதிர்ஷ்டம்தான், ஆனால் ஐந்தாறு வருஷத்தில் அவருடைய அமீர் ஒருவரே அவரைக் கொன்றார். அடுத்தவர் போர்க்களத்தில் அம்பு பட்டுச் செத்தார். அதற்கடுத்தவர் தாக்குப்பிடித்தது நாற்பதே நாள். பின்னால் வந்த கியாசுதீன், ஊர் சுற்றிய பயணி இப்னு பதூதாவுக்குச் சகலை. இருவரும் அஹ்சனின் மகள்களைக் கட்டியவர்கள். உள்வீட்டுச் சங்கதியெல்லாம் இப்னு பதூதாவின் பயண நூலில் ஏறியது அப்படித்தான். மதுரைச் சுல்தான்களும் காசு அடித்தார்கள். ஆனால் ஒரு சுல்தான் விழுந்தால் தாங்கிக்கொள்ள மன்சூர் கட்டியது போன்ற நிர்வாகம் அங்கே வேர்விடவில்லை. 1371 வாக்கில் விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரையைப் பிடித்துவிட்டான்.

ஆகவே கலகம் செய்தது யார் என்பதை உன் கட்டுரையில் ஒரு பத்தியோடு நிறுத்து. கலகம் ஜெயித்த பிறகு படைக்குச் சம்பளம் யார் கொடுத்தார், எங்கிருந்து கொடுத்தார் என்று மீதிப் பக்கங்களில் தேடு. எழுதி முடித்ததும் எனக்கொரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா