அரசியர் அணிந்த முதலெழுத்து

டியூடர் காலத்து இங்கிலாந்தில் அரசியின் நகையில் இருந்த முதலெழுத்து, அரசரின் மனைவி யார் என்பதை அவையோருக்கு அறிவித்தது. எட்டாம் ஹென்றி 1509இல் கேத்தரினை மணந்தபின் ‘எச்’சும் ‘கே’யும் எங்கும் சேர்ந்தே வந்தன; அரசரின் போர்க்கவசத்தில்கூட உண்டு. 2019இல் வார்விக்‌ஷயரில் மண்ணிலிருந்து கிடைத்த இதய வடிவப் பொற்பதக்கத்தில் ஒருபுறம் அந்த இரண்டு எழுத்துகள். மறுபுறம் டியூடர் ரோஜாவும் கேத்தரினின் சின்னமான மாதுளையும்.

1511இல் ஆண்குழந்தை பிறந்த கொண்டாட்டத்தில் அரசரும் தோழர்களும் பொன்னெழுத்துகள் தைத்த உடையணிந்து ஆடினர். வேடிக்கை பார்த்த கூட்டம் பாய்ந்து அவற்றைப் பிய்த்துக்கொண்டது. ஒரு கப்பல்காரர் தம் கைக்குச் சிக்கியதைப் பொற்கொல்லரிடம் மூன்று பவுண்டுக்கு மேல் விற்றார் என்கிறார் வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால். பூச்சு வேலைக்கு அந்த விலை கிடைத்திராது.

1532இல் கேத்தரினிடம் இருந்த அரச நகைகளை ஹென்றி, தாம் அடுத்து மணக்கவிருந்த ஆன் பொலினுக்காகக் கேட்டு வாங்கினார். ஆனால் ஆனின் பெயரோடு இன்று ஒட்டிக்கொண்டிருப்பது வேறொரு நகை: முத்துச்சரத்தில் கோத்த பொன் ‘பி’, அதன் அடியில் மூன்று துளிமுத்துகள். அது பிறந்த வீட்டின் எழுத்து. அரசியான பிறகும் அணிந்தார் என்றால் அதில் கொஞ்சம் செருக்கும் இருந்திருக்க வேண்டும். ‘என்றால்’ என்று சொல்லக் காரணம் உண்டு: நகையைக் காட்டும் புகழ்பெற்ற லண்டன் ஓவியம், 1536இல் அவர் தலை வெட்டப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்துத் தீட்டப்பட்டது.

அடுத்து வந்தவர் ஜேன் சீமோர். லத்தீன் வழக்கப்படி அவருக்கு ‘ஐ’. ‘எச்’சும் ‘ஐ’யும் பின்னி, மரகதம் பதித்து, முத்துத் தொங்கவிட்ட பதக்கத்துக்கு ஓவியர் ஹோல்பைன் வரைந்த மாதிரி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசி மாறினால் பொன்னை அழித்துச் செய்துவிடலாம். மரத்தில் செதுக்கியது அவ்வளவு எளிதில் போகாது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் மரத்தடுப்பில் ஹென்றி, ஆன் இருவரின் எழுத்துகளும் இன்னும் உள்ளன.

ஆனின் மகள் எலிசபெத்துக்குக் கணவரின் எழுத்து தேவைப்படவில்லை. 1575ஐ ஒட்டிச் செய்த அவரது மோதிரத்தில் வைரத்தாலான ‘இ’, நீல எனாமலில் அரசியைக் குறிக்கும் ‘ஆர்’. திறந்தால் உள்ளே இரண்டு சிற்றுருவங்கள். ஒன்று எலிசபெத், மற்றவர் ஆன் என்றே பலரும் கருதுகின்றனர். மோதிரம் இப்போது பிரிட்டிஷ் பிரதமரின் கிராமப்புற மாளிகையான செக்கர்ஸில் உள்ளது.