பினியனில் இருந்த தப்பு

மோட்டாருக்குக் காயில் கட்டித்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. சிங்காநல்லூர்ப் பக்கம் சின்னப் பட்டறை. போர்வெல் மோட்டார், தறி மோட்டார், மாவு மில் மோட்டார் என்று கருகி வருவதையெல்லாம் பிரித்துப் போட்டு, “ஏனுங்க, ரிலே தட்டத் தட்ட ஸ்டார்ட்டர் பட்டன்ல குச்சியைச் சொருகி ஓட்டுனீங்களா?” என்று விவசாயிகளைக் கடிந்துகொள்வதும் தொழிலோடு சேர்ந்ததுதான். அப்படிப்பட்ட நான், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரிமோட் வண்டி மோட்டாரைத் தெரிந்தே சூடேற்றிக் கொன்றேன். அது என் காசு, என் பாடு. ஆனால் என் பேச்சைக் கேட்ட ஒரு பையனின் வண்டியும் அதே வழியில் போயிற்று. அந்தப் பழியைப் பேட்டரி மேல் போட்டுவிட்டு வந்தேன்.

வண்டி டிராக்ஸாஸ் ஸ்லாஷ். அமெரிக்காவில் மண் தடத்தில் பந்தயம் ஓடும் ஷார்ட் கோர்ஸ் டிரக்கைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி 2008இல் வெளியிட்ட மாடல். பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. ஆனால் கியர்பாக்ஸைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் கியர். சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டும் பிளாஸ்டிக். இரும்போடும் செம்போடும் காலம் தள்ளுகிறவனுக்கு அது கண்ணை உறுத்தியது. பொம்மை என்று நினைத்தேன். இதைச் சரியான வண்டியாக்கிக் காட்டுகிறேன் என்றும் நினைத்தேன். எல்லாக் கோளாறும் அந்த நினைப்பிலிருந்துதான் தொடங்கியது.

முதல் வேலையாக, வண்டியோடு வந்த கார்பன் பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு 3500 கேவி பிரஷ்லெஸ் மோட்டாரும் அதற்கேற்ற ஸ்பீடு கண்ட்ரோலரும் போட்டேன். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு. இரண்டு செல் லைப்போ பேட்டரியின் 7.4 வோல்ட்டில் அந்த மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 25,900 சுற்றுப் போகும்; மூன்று செல்லில், 11.1 வோல்ட்டில், 38,850. நான் மூன்று செல்லையே வாங்கினேன். வோல்ட்டைக் கூட்டினால் பினியனில், அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சின்ன கியரில், பல்லைக் குறைக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டில் பாலபாடம். எந்த மோட்டாருக்கு, எந்த பேட்டரிக்கு எத்தனை பல் என்று கையேட்டிலேயே அட்டவணை போட்டிருக்கிறார்கள். நான் 20 பல் பினியனை எடுத்துவிட்டு 25 போட்டேன். வேகம் வேண்டும் என்பதுதான் காரணம். வேறு நியாயம் எதுவும் கிடையாது.

பினியனில் பல் கூடினால் மோட்டாருக்குக் கிடைக்கும் நெம்பு குறையும். அதே மேட்டை ஏற, அதே மணலில் இழுக்க, மோட்டார் தண்டு கால் பங்கு கூடுதலாக முறுக்க வேண்டும். முறுக்கு ஆம்பியரோடு நேராக ஏறும். சூடோ ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே ஆம்பியர் 25 சதவீதம் கூடினால் சுருளின் சூடு 56 சதவீதம் கூடுகிறது. போதாக்குறைக்கு, செம்பு ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். சூடே சூட்டை வளர்க்கும். பெரிய டயர் மாட்டினால் அதுவும் பினியனில் பல் கூட்டியதற்குச் சமம். நான் அதையும் மாட்டியிருந்தேன். இந்தக் கணக்கைப் படிக்காத விவசாயிக்கும் புரியும்படி நான் வருஷக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறேன். என் வண்டிக்கு மட்டும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

சூலூர் பக்கம் மழை பெய்தால் ஒழியத் தண்ணீர் நிற்காத ஒரு குட்டை இருக்கிறது. செம்மண், இடையிடையே காய்ந்த கோரைப்புல். அங்கே ஓட்டியபோது முதலில் பிளாஸ்டிக் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. உடனே ஸ்டீல் ஷாஃப்ட். அதன் பிறகு கியர்பாக்ஸுக்குள் பல் மழுங்கியது. அங்கேயும் ஸ்டீல். அடுத்து ஸ்லிப்பர் வழுக்கத் தொடங்கியது. ஸ்லிப்பர் என்பது, பினியன் சுழற்றும் பெரிய கியரான ஸ்பர் கியரோடு சேர்ந்த சின்ன கிளட்ச். சக்கரம் சட்டென்று பிடிபட்டால் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்து மீதி எல்லாவற்றையும் காப்பாற்றும். அதன் நட்டை முழுக்க இறுக்கி, பிறகு அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்தி விடுவது வழக்கம். அது வழுக்கி வழுக்கிச் சூடேறி, ஸ்பர் கியரின் நடுப்பகுதி இளகி, தீய்ந்த நாற்றத்தோடு வண்டி நின்றது. பினியன் பெரிது, சுமை தாங்காமல் வழுக்குகிறது என்று அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். நான் நட்டை முழுசாக இறுக்கிவிட்டேன். விவசாயி ஸ்டார்ட்டரில் குச்சி சொருகியதும் இதுவும் ஒன்றே.

இப்போது சக்கரத்திலிருந்து மோட்டார் வரை வழுக்கவோ வளையவோ முறியவோ ஒன்றும் இல்லை. அத்தனை சுமையும் நேராகச் சுருளுக்கே போயிற்று. மோட்டார் சுட்டது. கை வைக்க முடியவில்லை. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: பாலிஷ் போட்ட அலுமினிய ஹீட்சிங்க், அதன் மேல் சின்ன ஃபேன். பட்டறையில் கிடந்த இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஹீட்சிங்க் மேல் பிடித்தால் 45 டிகிரி காட்டியது. உச்சி வெயிலில் ஓட்டி நிறுத்திய வண்டியில் 45 என்றால் யாருக்குத்தான் பெருமை வராது? வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த எண்ணைக் காட்டினேன்.

அந்த எண் பொய். இந்தக் கருவி மேற்பரப்பு விடுகிற வெப்பக் கதிரை வைத்துக் கணக்குப் போடுகிறது. பெயின்ட் அடித்த கிணற்று மோட்டாரில் சரியாகச் சொல்லும். பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டைக் கொஞ்சமாகத்தான் கதிராக விடும்; சுற்றிலும் உள்ளதைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். கருவி பார்த்தது வானத்தையும் என் சட்டையையும். ஒருநாள் ஏதோ தோன்றி, வயரிங்குக்கு ஒட்டும் கறுப்பு டேப்பை அதன் மேல் ஒரு துண்டு ஒட்டி, சூடு ஏற விட்டு அளந்தேன். 104. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சுர்ரென்று போயிற்று. டேப்பை உரித்து எறிந்துவிட்டேன். மறுபடியும் பளபளப்பில் அளந்து 45 என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனையிலும் சொல்லக் கூச்சமாக இருப்பது இதுதான்.

என் தைரியத்துக்குத் தொழிலும் ஒரு காரணம். எஃப் கிளாஸ் இன்சுலேஷன் 155 டிகிரி தாங்கும். மோட்டார் என்றால் சுடத்தான் செய்யும் என்பது என் வாய்ப்பாடு. ஆனால் நான் கட்டுகிற இண்டக்‌ஷன் மோட்டாரின் ரோட்டாரில் காந்தமே கிடையாது. இந்தக் குட்டி மோட்டாரின் ரோட்டாரோ நியோடிமியம் காந்தம். சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும்; உயர்ந்த ரகங்கள் 120, 150 வரை தாங்கும். இழந்த பலம் ஆறினாலும் திரும்பாது. அந்தக் காந்தம் உள்ளே நடுவில் சுற்றுகிறது. ஃபேன் காற்று வெளி உறையைத்தான் ஆற்றும்.

காந்தம் பலவீனமான மோட்டார் சுமையில்லாதபோது முன்னைவிட வேகமாகச் சுற்றும். ஃபீல்டு குறைந்தால் ஸ்பீடு ஏறும் என்பது டிசி மோட்டார் படித்த எவருக்கும் தெரியும். என் வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து முறுக்கியபோது சக்கரம் புதிதாகச் சீறியது. “பாத்தீங்களா, மோட்டார் இப்பத்தான் ஃப்ரீயாகியிருக்கு” என்று நாலு பேரிடம் சொன்னேன். தரையில் விட்டால் இழுவை இல்லை, ஆம்பியர் மட்டும் ஏறியது, சுருள் கருகியது. பிரித்துப் பார்த்தபோது ஸ்டேட்டர் காயிலின் நிறமே எல்லாவற்றையும் சொன்னது. அந்த நிறத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பையன். இன்ஜினியரிங் படிப்பவன், அதே குட்டைக்கு அதே மாடல் வண்டியோடு வருவான். நான் காயில் கட்டுகிறவன் என்பதால் என் சொல் அவனுக்கு வேதவாக்கு. ஸ்டீல் கியர் போடு, ஸ்லிப்பரை இறுக்கு, பினியனைப் பெரிதாக்கு என்றேன். சேர்த்து வைத்த காசில் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டான். பிறகு ஒருநாள், “அண்ணா, மோட்டார்ல கை வெக்க முடியலீங்க, வண்டி பாதியிலயே நின்னுக்குதுங்க” என்றான். கண்ட்ரோலர் சூடு தாங்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் நான் சொல்லித் தந்தது அத்தனையும் தப்பு என்றாகிவிடும். “பேட்டரி மட்டம் தம்பி. நல்லதா ஒண்ணு வாங்கு” என்றேன்.

வாங்கினான். நல்ல பேட்டரி சுமையில் வோல்ட் இறங்காமல் தாராளமாக ஆம்பியர் கொடுக்கும். பழைய பேட்டரியின் பலவீனம்தான் அதுவரை அந்த மோட்டாரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. புதியது போட்ட கொஞ்ச நாளில் மோட்டார் போயிற்று. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. தன் ராசி என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் குட்டைப் பக்கம் வரவில்லை.

எல்லா மாற்றமும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. புஷ் இருக்கும் இடத்தில் பால் பேரிங் போட்டால் உராய்வு குறையும், அது போட்ட காசுக்கு மேல் தரும். ஸ்டீல் ஷாஃப்டும் ஸ்லிப்பர் சரியாக இருந்தால் நல்ல பொருள்தான். மலிவான பிளாஸ்டிக் முதலில் உடைய வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த கம்பெனிக்காரன் என்னைவிட விவரமானவன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை பணம் செலவாயிற்று. சில நூறு ரூபாய் சின்ன பினியன் ஒன்று முதல் நாளே வாங்கியிருந்தால் ஹீட்சிங்கும் ஃபேனும்கூடத் தேவைப்பட்டிருக்காது. என் வண்டியில் இப்போது ஓடுவது 18 பல். ஸ்லிப்பர் நட்டு முக்கால் சுற்றுத் தளர்வு. கறுப்பு டேப் ஹீட்சிங்க் மேல் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் 70 டிகிரியை ஒட்டி நிற்கிறது. வேகம் குறைவுதான்.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால் பட்டறைக்கு வா. உன் பழைய பேட்டரியில் ஒரு தப்பும் இல்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. பினியனைக் கழற்றி எடுத்து வா, சின்னதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மோட்டாருக்கும் புதுப் பேட்டரிக்கும் நீ கொடுத்த காசை நான்தான் தர வேண்டும்.