விளக்கு வைக்கும் நேரத்து நிறம்

பெயிண்ட் கடை அண்ணாச்சி ஷேட் கார்டை என் கையில்தான் கொடுத்தார். நான் கருநீலத்தில் விரல் வைத்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கம்மா. ரூம் இருட்டடிச்சிரும்" என்றார்.

வீட்டுக் கடனில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. 17 வருடங்களுக்கு முன் இந்த வீட்டை வாங்கியபோது ஹாலுக்கு ஐவரி, படுக்கையறைக்கு இளம்பச்சை என்று கணவரும் மாமனாரும் பெயிண்டரும் பேசி முடித்தார்கள். "லைட் கலர்தானே நல்லது" என்றார்கள், நானும் தலையாட்டினேன். வெளிர்நிறச் சுவரில் எண்ணெய்க் கை, பென்சில் கோடு, ஸ்விட்ச் போர்டைச் சுற்றிய அழுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் துடைக்க வேண்டும். யார் துடைப்பது என்று அன்று யாரும் பேசவில்லை.

மகள் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன பிறகு அவள் அறை காலியாயிற்று. பத்துக்குப் பத்து அறை. இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இதைச் சொல்ல எனக்கு 51 வயதாகியிருந்தது.

கருநீலம் எனக்கு விடுதி மொட்டைமாடியில் பழக்கமானது. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், சூரியன் இறங்கிய பின் கொஞ்ச நேரம் வானம் அந்த நிறத்தில் நிற்கும். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வானத்தை நான் பார்த்ததாக நினைவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும். விளக்கேற்றியதும் அடுப்பு கூப்பிடும்.

கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒரு சுவரு மட்டும் அடிச்சுப் பாரேன்" என்றார். பாதி ஆசைக்குப் பாதி அனுமதி. எனக்கு நான்கு சுவரும் வேண்டும் என்றேன்.

ஒரு பெரிய சார்ட் அட்டையில் சாம்பிள் அடித்து, மூன்று நாள் சுவர் மாற்றிச் சுவர் வைத்துப் பார்த்தேன். காலையில் மயில்கழுத்து. மஞ்சள் பல்பின் கீழே ஏறக்குறையக் கறுப்பு. வெள்ளை விளக்கில் மறுபடியும் நீலம். அடர்நிறத்தை வெள்ளை பேஸில் கலக்க முடியாது, வெளிறிவிடும். வெள்ளை நிறமி இல்லாத அல்லது மிகக் குறைந்த பேஸ் வேண்டும். அப்படிக் கலந்தால் பழைய நிறம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும், கோட் கூடும். பிரைமரிலேயே கொஞ்சம் நிறம் கலந்து அடித்தால் சமாளிக்கலாம் என்று பெயிண்டர் தம்பி சொன்னான். அவன் என்னிடமே கேட்டு என்னிடமே சொன்னது பிடித்திருந்தது.

ஈரமாக இருந்தபோது நிறம் வெளிறித் தெரிந்தது. கணவர் முகம் தெளிந்தது. காய்ந்ததும் அடர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போனார்.

அடுத்த வாரம் அம்மா வந்தாள். 78 வயது. மருமகன், சம்பந்தி, பக்கத்து வீட்டார் சொன்னதையெல்லாம் இவளும் சொல்வாள் என்று தயாராக இருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து சுவரைத் தடவினாள்.

"ஏட்டி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புல நீலம் போடுவோம்லா, நெனப்பிருக்கா?"

இருந்தது. துணிக்குப் போடும் அதே நீலம். சுண்ணாம்பின் பழுப்பை அடக்கி, வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்ட.

"ஒரு சிட்டிகைதான் போடணும். கூடுனா எங்க மாமியா ஏசுவா. ஒரு வருசம் பொட்டலத்தையே கவுத்திட்டேன். அடுக்களை செவரு பூரா நீலம்."

"கை தவறிட்டா?"

"இல்ல. வேணும்னுதான்." அம்மா சிரித்தாள். "மறுநாளே மேல வெள்ளையடிக்க வச்சிட்டா. ஒரு ராத்திரி இருந்துச்சு."

அம்மாவுக்கு ஒரு நிறம் பிடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல் எழப்போனேன்.

"இரி. லைட்டும் போடாத" என்றாள்.

உட்கார்ந்தேன். சுவர் எங்கே முடிகிறது, ஜன்னல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு அறையும் வானமும் ஒரே நிறத்துக்கு வந்தன. ஹாலில் யாரோ விளக்கேற்றும் சத்தம் கேட்டது.